எடைகுறைப்பு ஆபரேஷன்: பிஎம்ஐ 35-க்குக் கீழ இறங்கிட்டா இன்சூரன்ஸ் கிடைக்காதா?

பாளைவாசி:
எங்க மைனிக்கு 43 வயசு. உயரம் 158 செ.மீ., எடை 91 கிலோ. சுகர் ஏழு வருஷமா இருக்கு. மாத்திரை போக ராத்திரி இன்சுலினும் போடுதாவ, அப்படியும் போன மாசம் எச்பிஏ1சி (மூணு மாசச் சராசரி சுகர்) 9.2. தூக்கப் பரிசோதனையில ஏஎச்ஐ (தூக்கத்துல மணிக்கு எத்தனை தடவை மூச்சு தடைபடுதுங்க கணக்கு) 24. மூட்டுவலி, பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி), பிரஷர் எல்லாம் கூடவே. இரைப்பையைச் சிறுசாக்குற ஸ்லீவ் ஆபரேஷன் பண்ணிரலாம்னு சர்ஜன் சொல்லிட்டாரு. குடும்ப ஃப்ளோட்டர் பாலிசி, நாலாவது வருஷம் ஓடுது.

ஆபரேஷனுக்கு முன்னாடி 2 வாரம் குறைகலோரிச் சாப்பாடு, அதுல 4, 5 கிலோ இறங்கிரும்ங்காவ. 86-க்கு வந்துட்டா பிஎம்ஐ (உயரத்துக்கும் எடைக்கும் உள்ள கணக்கு) 34.4. அதைக் காட்டி இன்சூரன்ஸ்காரங்க இல்லன்னு சொல்லிருவாங்களோ? வீட்ல பெரியவர் ஒருத்தர், "அதுவரைக்கும் நல்லா தின்னு 100 ஆக்கிருங்க, 40 தாண்டிரும்"னு சொல்லுதாரு. கணக்கு என்னவோ சரியாத்தான் வருது. என்ன செய்யலாம்?

முன்அனுமதி மேசை:
அண்ணாச்சி, முதல்ல விதியைப் பாத்துருவோம். உடல்பருமன் அறுவைக்கு எல்லா நிறுவனமும் ஒரே வாசகத்தைத்தான் போடணும்னு ஐஆர்டிஏஐ (காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம்) 2019-ல உத்தரவு போட்டது. உங்க பாலிசித் தாள்ல விலக்குகள் (பணம் தராத விஷயங்கள்) பட்டியல்ல 06-ம் எண்ணா இருக்கும். அதுல உள்ள நிபந்தனை எல்லாம் இருந்தாத்தான் பணம் தருவாங்க: வயசு 18 ஆகியிருக்கணும், டாக்டர் ஆலோசனை இருக்கணும், செய்யுற முறை மருத்துவ நெறிமுறைக்கு உட்பட்டிருக்கணும். பிஎம்ஐ 40 அல்லது அதுக்கு மேல. இல்லன்னா 35 அல்லது அதுக்கு மேல இருந்து, மத்த எளிய வழியில எடை குறையாமப் போய், கூட நாலு நோய்ல ஒண்ணு இருக்கணும்: பருமனால வந்த இதயத்தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், தீவிர தூக்க மூச்சுத்தடை, கட்டுப்படாத டைப் 2 சுகர்.

இந்த நாலுக்கு வெளிய எது இருந்தாலும் கணக்குல வராது. மூட்டுவலி, பிசிஓடி, பிரஷர், கல்லீரல் கொழுப்பு எல்லாம் மருத்துவத்துல பெரிய காரணந்தான், இந்த விதியில பேரே கிடையாது. டாக்டர் கடிதம் முதல் பத்தியில மூட்டுவலியை எழுதி, சுகரைக் கடைசி வரியில போட்டா, படிக்கிறவர் முதல் பத்தியிலேயே கேள்வி போட்டுருவார்.

மைனிக்கு ஏஎச்ஐ 24. 15-லேருந்து 30 வரை நடுத்தரம், 30-ம் அதுக்கு மேலயுந்தான் தீவிரம். அதனால தூக்கப் பரிசோதனை உங்களுக்குக் கால் ஆகாது. நிக்க வேண்டியது சுகர்ங்கிற ஒரே கால்ல. "கட்டுப்படாத"ன்னா எவ்வளவுன்னு விதியில எண் இல்ல. அதனால 3 மாச இடைவெளியில எடுத்த ரெண்டு எச்பிஏ1சி, என்னென்ன மருந்து எந்த அளவுல எந்தத் தேதியிலேருந்து, "இத்தனை கொடுத்தும் கட்டுப்படவில்லை"ன்னு சுகர் டாக்டரோட ஒரு வரி, இது மூணும் வேணும். வெறும் வயித்துச் சுகர் ஒரு தடவை எடுத்த சீட்டை மட்டும் வச்சா பத்தாது.

எந்த நாள் எடைங்கிறதும் விதியில இல்ல. சண்டை அங்கதான் வரும். அதனால சாப்பாட்டுக் கட்டுப்பாடு தொடங்குறதுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரித் தராசுல எடை, உயரம் எடுத்து, சர்ஜன் கையெழுத்தும் தேதியும் போட்ட சீட்டோட முன்அனுமதி (ஆபரேஷனுக்கு முன்னாடியே நிறுவனத்துக்கிட்ட வாங்குற ஒப்புதல்) கேட்டு அனுப்பச் சொல்லுங்க. அதே கடிதத்துல, "அறுவைக்குத் தயார்படுத்த இந்தத் தேதியிலிருந்து 2 வாரக் குறைகலோரி உணவு, அட்மிஷன் நாளில் எடை குறைந்திருக்கும்"னு எழுதிரணும். முன்கூட்டியே எழுதினா அது சிகிச்சைக் குறிப்பு. கேள்வி வந்தப்புறம் எழுதினா சமாளிப்பாத்தான் தெரியும். ஒப்புதல் எத்தனை நாள் செல்லும்னு அந்தக் கடிதத்திலேயே இருக்கும், அதுக்குள்ள அட்மிஷன் வர்ற மாதிரி நாளைப் பொருத்துங்க.

உயரத்துல ஏமாந்துராதீங்க. கொண்டையும் மல்லியப்பூவுமா நிக்கவச்சு அளந்தா 158, 160 ஆயிரும். 158-ன்னா 35-க்கு 87.4 கிலோ போதும்; 160-ன்னா 89.6 வேணும். ரெண்டு சென்டிமீட்டர்ல 2.2 கிலோ போச்சு. செருப்பில்லாம, குதிகால் சுவரை ஒட்டி, முடியை அவுத்துவிட்டு அளக்கச் சொல்லுங்க. பழைய சீட்டு எல்லாத்துலயும் ஒரே உயரம் இருக்கான்னும் பாருங்க. ஒண்ணுல 155, ஒண்ணுல 161னு இருந்தா அதுவே ஒரு கேள்வி.

சமச்சீர் உணவு:
100 கிலோ ஆக்குற யோசனை கோட்டித்தனம். கோபப்படாம பெரியவருக்குச் சொல்லுங்கள்: 9.2 சுகரோடு 9 கிலோ ஏற்றினால் சுகர் இன்னும் ஏறும், புண் ஆறாது, கல்லீரல் பெருக்கும். லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளை வழியாகச் செய்யும் அறுவை) இரைப்பையின் மேல்பகுதியைப் பார்க்க வேண்டுமானால் கல்லீரலின் இடது மடலைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். கொழுப்பேறிய மடல் கனமாக இருக்கும், கிழிந்து ரத்தம் வரும். அந்த 2 வாரச் சாப்பாடு எடைக்காக அல்ல, அந்த மடலைச் சுருக்கத்தான். அதைத் தவிர்த்தால் டேபிளில் வைத்தே நிறுத்தவும் நேரும்.

பொதுவாக ஒரு நாளைக்கு 800 முதல் 1,200 கலோரி, புரதம் 60 முதல் 80 கிராம். சோறு, இட்லி, கருப்பட்டிக் காப்பி, தேங்காய்ப்பால் சொதி எல்லாம் நிறுத்த வேண்டும். முட்டை ஒன்றில் 6 கிராம் புரதம், 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20. சாளையோ அயிலையோ குழம்பில் போடாமல் ஆவியில் வேகவைத்தது, மோர், தடியங்காய்க் கூட்டு தேங்காய் இல்லாமல். "கஞ்சிதானே, திரவம்தானே" என்று உளுந்தங்கஞ்சியில் கருப்பட்டி போட்டுக் குடிப்பதுதான் நம்மூரில் வழக்கமாக நடக்கும் தவறு.

இன்சூரன்ஸைவிட அவசரமானது இது: சாப்பாடு பாதியானதும் இன்சுலினும் கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரையும் பழைய அளவிலேயே போனால் சுகர் தடாலென்று இறங்கும். முதல் நாளே அளவைக் குறைத்து எழுதி வாங்குங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை சுகர் மாத்திரை இருந்தால் அறுவைக்கு 3 நாளாவது முன்பே நிறுத்த வேண்டும். இல்லையென்றால் சுகர் அளவு சாதாரணமாக இருக்கும்போதே ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறிவிடும். குறைந்த மாவுச்சத்து உணவில் இந்த ஆபத்து கூடும் என்பதால் உணவு தொடங்கும் அன்றே சுகர் டாக்டரிடம் கேளுங்கள்.

பாளைவாசி:
ரொம்ப நன்றி. பெரியவர்ட்ட சொல்லிட்டேன், முகத்தைத் தூக்கி வச்சிருக்காரு. "எளிய வழியில் குறையாமப் போய்"ங்கதுக்கு என்ன காட்ட? நடைப்பயிற்சிக்கு ஏது ரசீது?

முன்அனுமதி மேசை:
மாதக் கணக்கு விதியில இல்ல. ஆனா தேதியோட எடை எழுதின சீட்டு வேணும். டயட்டீஷியன் சீட்டு, எடைக்கு ஊசியோ மாத்திரையோ எழுதியிருந்தா அந்த மருந்துச்சீட்டும் பில்லும். ஆரம்ப சுகாதார நிலையத்துல மாத்திரை வாங்குறாங்கன்னா அந்த நோட்டு, மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கு வந்து கொடுத்த பதிவு, எல்லாமே ஆதாரந்தான். அடுக்கி, மேல ஒரு தாள்ல தேதியும் எடையும் மட்டும் வரிசையா எழுதுங்க. படிக்கிறவருக்கு அந்த ஒரு தாள் போதும். தைராய்டு ரிப்போர்ட்டையும் சேருங்க, எடைக்கு வேற காரணம் உண்டான்னு கேப்பாங்க.

பழைய ஏஜெண்ட்:
எல்லாரும் எடையையே பேசுதிய. சுகர் ஏழு வருஷம், பாலிசி நாலாவது வருஷம். அப்ப பாலிசி எடுக்கும்போதே சுகர் இருந்திருக்கு. முன்மொழிவுப் படிவத்துல (பாலிசி கேட்டு நிரப்பிக் கொடுக்குற தாள்) எழுதினாங்களா? அந்தப் படிவ நகல் பாலிசிக் கட்டோட இருக்கும், இன்னைக்கே எடுத்துப் பாருங்க. அதுல உயரம், எடை என்னன்னும் பாருங்க. எங்க தொழில்ல உள்ளவங்க டீக்கடையில உக்காந்து எல்லா வீட்டம்மாவுக்கும் 155, 60-ன்னு நிரப்புறது உண்டு. இப்ப 91-ன்னு போனா அந்த 60 எந்திரிச்சு நிக்கும்.

எழுதியிருந்தா: முன்பே உள்ள நோய்க்குக் காத்திருப்பு (பாலிசி எடுத்து அந்த நோய்க்குப் பணம் கிடைக்காத காலம்) அதிகபட்சம் 36 மாசம். பழைய தாள்ல 48-ன்னு இருந்தா, கடைசியா புதுப்பிச்ச தாளைப் பாருங்க; 2024-ல அந்த உச்சவரம்பைக் குறைச்சிட்டாங்க. பருமன் அறுவைக்குத் தனியாக் காத்திருப்பு உண்டான்னும் பாருங்க. எழுதலன்னா: தொடர்ந்து 60 மாசம் முடிஞ்சப்புறம் மோசடின்னு நிரூபிச்சாத்தான் மறுக்க முடியும். உங்களுக்கு அது இன்னும் ஆகல, அதனால அனுப்புறதுக்கு முன்னாடி யோசிக்கணும்.

இடுப்புல கல்லைக் கட்டி எடை போடுற கதையெல்லாம் வேண்டாம். சில நேரம் நிறுவனத்து ஆள் வார்டுக்கே வந்து திரும்ப எடை பாப்பார்.

பாளைவாசி:
பாத்துட்டேன் அண்ணாச்சி. சுகர் எழுதியிருக்கு, எடை 84. பெருமூச்சு வந்துட்டு. காத்திருப்பு புதுத் தாள்ல 36 தான். ஒருவேளை கேஷ்லெஸ் (ஆஸ்பத்திரிக்கு நிறுவனமே நேராக் கட்டுறது) மறுத்துட்டா?

முன்அனுமதி மேசை:
கேஷ்லெஸ் மறுப்புன்னா கிளெய்ம் மறுப்பு இல்ல. பணம் கட்டிட்டு ரீஇம்பர்ஸ்மெண்டுக்குப் போடலாம். எந்த விதிப்படி மறுத்தாங்கன்னு எழுத்துல வாங்குங்க. நிறுவனத்துக் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்க. ஒரு மாசத்துல பதில் இல்லன்னாலோ, பதில் ஒத்துவரலன்னாலோ, ஒரு வருஷத்துக்குள்ள சென்னையில இருக்குற காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு மனு. கட்டணம் இல்ல, வக்கீல் வேண்டாம்.

தூக்கப் பரிசோதனை பில்லைத் தொலைச்சிராதீங்க. அட்மிஷனுக்கு முந்தின எத்தனை நாள் செலவு தருவாங்கன்னு பாலிசியில இருக்கும், பலதுல 30 நாள். பரிசோதனைக்குன்னே தனியா அட்மிட் ஆனா அந்தச் செலவு கிடைக்காது.