உவேனோ பூங்கா: தாமரைக் குளத்திலிருந்து மேட்டுக்குப் படியில்லாத வழி எது?

டோக்கியோவின் உவேனோ பூங்காவுக்கு ஜூலைக் கடைசியில் அம்மாவை அழைத்துப் போகிறேன். முழங்கால் தேய்மானம், படி ஏறவே முடியாது. சக்கர நாற்காலி மடக்கும் வகை. சக்கரங்கள் சிறியவை, சரளைக்கல் கண்டாலே மக்கர் செய்யும். தள்ள நான் ஒருத்திதான்.

ஷினோபாசு குளத்துத் தாமரை காலையில் விரிந்து நண்பகலுக்குள் கூம்பிவிடும் என்பதால் முதலில் குளம், பிறகு மேட்டிலுள்ள தேசிய அருங்காட்சியகம். இடையில்தான் சிக்கல்.

போன வாரம் தனியாகப் போய்ப் பார்த்தேன். கியோமிசு கன்னோன் மண்டபத்தின் முன்னே இறங்குவது கல்படி. கண்ணுக்கு அழகு, சக்கரத்துக்கு எமன். கைப்பேசி வரைபடமும் பிடிவாதமாக அதையே காட்டுகிறது. மிருகக்காட்சிசாலைக்குள் ஓடிய மோனோரயில் 2019லேயே நின்றுவிட்டது. உவேனோ ரயில் நிலையத்தின் பூங்கா வாயிலில் வந்தால் மேட்டுக்குள் சமதளமாகவே நுழையலாம், ஆனால் அதற்குக் குளத்திலிருந்து நிலையம்வரை திரும்ப வேண்டும். ஆடி வெயிலில் அது கடைசி வழி.

குளக்கரையிலிருந்து மேட்டுக்கு, ஒருவரே தள்ளி ஏற்றக்கூடிய சரிவுப் பாதை எந்த இடத்தில் தொடங்குகிறது?