மண்டபம் கேம்ப் கடல் அருங்காட்சியகம்: அண்மையில் போனவங்க சொல்லுங்க

மண்டபம் கேம்ப்ல இருக்கிற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய அருங்காட்சியகத்துக்கு, பிள்ளைகளோடயும் வீல்சேர்ல வர்ற அப்பத்தாவோடயும் போகணும். ஞாயித்துக்கிழமை திறந்திருக்குமா? வாசல்ல படியா, சாய்தளமா?

முக்கியமா, ஆவுளியா (கடல் பசு) எலும்பு ஏதாவது காட்சியில இருக்கா? அதோட விலா எலும்பைப் பிள்ளைகள் கிட்டப்போய்ப் பார்க்கணும். உள்ளே மஜ்ஜைக் குழி இல்லாம கெட்டியா, கனமா இருக்கும். அடியில இறங்கிக் கடல்புல் மேய அந்தக் கனம்தான் உதவுது.

ஃபார்மலின் ஜாடியில மீன் நிறம் வெளுத்துடும். சின்னப்பிள்ளைகள் அதையே நிஜ நிறம்னு நெனச்சிடும். அதனால உயிர் மீன் தொட்டிகளை முதல்ல காட்டுறதுதான் சரி. அந்த வரிசையில போக விடுவாங்களா? ஃபிளாஷ் இல்லாம, லென்ஸைக் கண்ணாடியில ஒட்டிவச்சுப் படம் எடுக்கலாமா?