ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஏழு வினாடி

போன வருஷம் இணையத்தில் ஆடிய ஒரு 10 நிமிட செஸ் ஆட்டம். எதிராளிக்கு ரேட்டிங், அதாவது ஆட்டத் திறமையைக் காட்டும் எண், 1180, எனக்கும் கிட்டத்தட்ட அதே. முதலில் எதுவும் உறுத்தவில்லை. அப்புறம் என் பிஷப் அவருடைய குதிரையை வெட்டியது. திருப்பி வெட்ட ஒரே வழிதான், கை தானாகப் போகும். அவர் ஏழு வினாடி எடுத்துக்கொண்டார். அடுத்து வந்தது மண்டையை உடைக்கும் நிலை. அதற்கும் ஏழே வினாடி.

அப்போதிருந்து பலகையை விட்டுவிட்டுக் கடிகாரத்தைத்தான் பார்த்தேன். ஆறு, எட்டு, ஏழு, ஏழு. என் நகர்த்தலை எஞ்சினில், அதாவது செஸ் ஆடும் கணினி நிரலில் போட்டு, அது சொல்வதைப் பார்த்து, திரும்ப வந்து காயை இழுக்க ஆகிற நேரம் அது.

நடுவில் பதற்றத்தில் என் யானையைச் சும்மா விட்டுவிட்டேன். அவர் எடுக்கவில்லை! ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். பிறகு அலசிப் பார்த்தால், யானையை எடுத்திருந்தால் என் ராணி ஓயாமல் செக் கொடுத்து டிரா வாங்கியிருக்கும், அதுவும் ஐந்தாறு நகர்த்தல் தள்ளி. அந்தச் சிப்பாய் அவர் ராஜா ஒளிய ஒரு கட்டம் திறந்துவிட்டது. 1180 ரேட்டிங்கில் இதை ஏழு வினாடியில் பார்க்கிறவர் இருந்தால் அவரிடம் டியூஷனுக்குப் போக நான் தயார். அந்தத் தளத்துக்கு ரிப்போர்ட் போட்டேன். நான்கு நாளில் அவர் கணக்கு மூடப்பட்டு, இழந்த ரேட்டிங் திரும்பி வந்தது.

இதில் ஆச்சரியம் எதுவுமில்லை. உலக சாம்பியனையே தோற்கடிக்கும் ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சின் இலவசமாகக் கிடைக்கிறது. 2021-ல் ஆனந்துக்கு எதிரான நிதி திரட்டும் ஆட்டத்திலேயே ஒரு தொழிலதிபர் கணினி உதவி வாங்கியதாக ஒப்புக்கொண்டாரே!

ஆனால் அதற்கப்புறம் எனக்குச் சந்தேகப் பேய் பிடித்துவிட்டது. இன்னொருவர் என்னை 19 நகர்த்தலில் முடித்தார், துல்லியம் (எஞ்சின் சொல்லும் நகர்த்தல்களோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற கணக்கு) 96 சதவீதம். கோபத்தில் ரிப்போர்ட் போட்டதோடு நிற்காமல், "எஞ்சினுக்கு என் வாழ்த்துகள்" என்று செய்தியும் அனுப்பினேன். "ஃப்ரைட் லிவர் என்று தேடிப் பாருங்கள்" என்று மட்டும் பதில் வந்தது. ஆறாவது நகர்த்தலில், எதிராளி ராஜாவுக்குப் பக்கத்திலிருக்கும் எஃப்7 கட்டத்தில் குதிரையைப் பலி கொடுத்து ராஜாவை வெளியே இழுக்கும் பழைய பொறி. மனப்பாடமாக வைத்திருந்தார். நேரத்தைப் பார்த்தேன்: பொறி வரைக்கும் ஒவ்வொன்றும் ஒரு வினாடி. நான் வழக்கத்துக்கு மாறாக ஒன்று ஆடியதும் ஒன்றரை நிமிடம் யோசித்திருக்கிறார். அதைத் தோற்றவுடனே பார்த்திருந்தால் அந்தச் செய்தியை அனுப்பியிருக்க மாட்டேன்.

மன்னிப்புக் கேட்டேன். இப்போது வாரம் ஒருமுறையாவது அவரோடு ஆடுகிறேன். அந்தப் பொறியில் சிக்காமலிருக்க, ஐந்தாவது நகர்த்தலில் நடுப்பலகையில் நிற்கும் அவர் சிப்பாயைக் குதிரையால் வெட்டாமல், மற்றக் குதிரையை ஓரத்திலுள்ள ஏ5 கட்டத்துக்குக் கொண்டுபோகக் கற்றுக்கொண்டேன். இன்னும் ஜெயித்தபாடில்லை.