முட்டுக்காடு முகத்துவாரத்தில் கரையிலிருந்தே டைவ்: இறங்கலாமா, கூடாதா?

மணல்மேடு
வணக்கம். புதுச்சேரியில் ஓப்பன் வாட்டர் (ஸ்கூபா டைவின் முதல் நிலை) சான்றிதழ் வாங்கியவன். ஒவ்வொரு முறையும் படகுக்குக் காசு கட்டிக் கட்டுப்படியாகவில்லை. வீடு கேளம்பாக்கம் பக்கம். ஜனவரியில் மழை ஓய்ந்ததும், முட்டுக்காடு உப்பங்கழி கடலில் கலக்கும் இடத்தில் நானும் நண்பனும் கரையிலிருந்தே இறங்கலாம் என்று இருக்கிறோம். அங்கே எந்த இடத்திலும் ஆழம் மூன்று மீட்டரைத் தாண்டாது என்று நினைக்கிறேன். மீன்குஞ்சுகள் நிறைய இருக்கும், நன்னீர் மேலேயும் உப்புநீர் கீழேயும் அடுக்காக நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம் என்று படித்தேன். ஆழமே இல்லாத இடத்தில் என்ன பயம் என்பது என் கட்சி. நண்பன் தயங்குகிறான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கோவளத்தான்
தம்பி, உங்கள் நண்பன் சொல்வதைக் கேளுங்கள். மழைக்காலத்தில் முகம் திறந்துகொண்டால், பக்கிங்ஹாம் கால்வாய்த் தண்ணீர், பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கத்து ஏரிகளின் உபரி எல்லாம் அந்தக் குறுகிய வாய் வழியாகத்தான் கடலுக்குப் போயாக வேண்டும். வத்தம் (கடல் மட்டம் இறங்கும் நேரம்) பிடித்ததும் அது ஓடும் ஓட்டத்தைக் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பாலத்தில் நின்று ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். வெளியே போகிற தண்ணீரும் உள்ளே வருகிற அலையும் மணல்திட்டின் மேல் மோதும்போது அலை செங்குத்தாக எழும்பி உடையும். ஃபைபர் படகில் மோட்டாரோடு போகிறவர்களே அந்த இடத்தில் நேரம் பார்த்துத்தான் தாண்டுவார்கள். நீங்கள் முதுகில் சிலிண்டரோடு, இடுப்பில் மூழ்குவதற்கான ஈயத்தோடு, துடுப்புக் காலோடு அங்கே நிற்கப் போகிறீர்களா? திட்டும் ஒரே இடத்தில் இருக்காது. போன வாரம் முழங்கால் அளவு இருந்த இடம் இந்த வாரம் கழுத்தளவு இருக்கும்.

டேங்க்தூக்கி
கடல் என்றாலே "போகாதே" என்று சொல்வது நம் ஊரில் ஒரு வியாதி. மெக்சிகோவில் துலும் பக்கம் காசா செனோட்டே என்று ஒரு இடம் இருக்கிறது. சாலைக்கு இந்தப் பக்கம் அலையாத்திக் காட்டுக்குள் நீர்நிலை, அந்தப் பக்கம் கரீபியக் கடல், இரண்டையும் பூமிக்கடியில் இணைக்கும் வழி. அதிகபட்ச ஆழமே எட்டு மீட்டர் போலத்தான். மேலே நன்னீர், கீழே உப்புநீர். இரண்டும் சந்திக்கும் இடத்தில் தண்ணீர் நெளியும், எதிரே நீந்துபவரின் முகம் கலங்கித் தெரியும். புதிதாகப் பழகுபவர்களையே அங்கே கூட்டிக்கொண்டு போகிறார்கள். நானும் போயிருக்கிறேன், குட்டி முதலை ஒன்று எங்களைக் கண்டுகொள்ளாமல் வேரோரம் கிடந்தது. நன்னீரும் கடலும் கலக்கும் ஆழமற்ற இடம் என்பதாலேயே ஆபத்து என்று சொல்லிவிட முடியாது. சரியான நேரமும் தயாரிப்பும் இருந்தால் போதும்.

கோவளத்தான்
அந்தக் குளத்தில் அலை உடையுமா? மணல்திட்டு உண்டா? வலை கட்டியிருப்பார்களா? படகு போகுமா?

டேங்க்தூக்கி
இல்லை. ஆனால் அதற்கெல்லாம் வழி உண்டு. பெருக்கு (கடல் மட்டம் ஏறும் நேரம்) உச்சத்தில், ஓட்டம் நிற்கும் சமயமாகப் பார்த்து இறங்கலாம். தெளிந்த கடல்நீர் உள்ளே வந்திருக்கும், பார்வையும் கிடைக்கும். கழிமுகங்களில் டைவ் செய்கிறவர்கள் உலகம் முழுக்க அப்படித்தான் செய்கிறார்கள். கையில் கடல் ஏற்ற இறக்க அட்டவணை இருந்தால் போதும்.

அளவுகோல்
அட்டவணையைப் பற்றி ஒரு விஷயம். நீங்கள் பார்க்கப்போவது சென்னைத் துறைமுகத்துக்கான அட்டவணை. அது திறந்த கடலில் நீர்மட்டம் எப்போது உச்சம் என்று சொல்லும். குறுகிய வாய் உள்ள கழியில் ஓட்டம் எப்போது நிற்கும் என்று சொல்லாது. வெளியே கடல் மட்டம் இறங்க ஆரம்பித்த பிறகும், உள்ளே மட்டம் தாழ்வாக இருக்கும் வரை தண்ணீர் உள்ளேதான் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு மட்டமும் சமமாகும் நேரத்தில்தான் ஓட்டம் நிற்கும். வாய் எவ்வளவு குறுகலோ அவ்வளவு தாமதம். மழை பெய்து உள்ளே மட்டம் உயர்ந்திருந்தால் கதை தலைகீழ்: பெருக்கு நேரத்திலும் ஓட்டம் வெளிப்பக்கமாகவே இருக்கலாம். சென்னையில் அமாவாசை, பௌர்ணமி சமயத்தில் கூட ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான், அதனால் ஏரித் தண்ணீர் சுலபமாக ஜெயித்துவிடும். முட்டுக்காட்டில் அந்த நேரம் எது என்பது அன்றைக்கு வாயின் அகலத்தைப் பொறுத்தது. அந்த அகலத்தை மணல்திட்டு தீர்மானிக்கிறது.

இன்னொன்று மிதப்பு. கடல்நீர் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 1025 கிலோ, நன்னீர் 1000 கிலோ. சாதனங்களோடு சேர்த்து 100 கிலோ எடையுள்ள ஒருவர் கடலில் சமநிலையாக மிதக்கும்படி ஈயம் கட்டிக்கொண்டு நன்னீருக்குள் நுழைந்தால், கிட்டத்தட்ட இரண்டரை கிலோ கனமாகிவிடுவார். கழிக்குள் இறங்கி வெளியே போகிறவருக்கு இது எதிர்மாறாக நடக்கும். உள்ளே நன்னீரில் சரியாக நின்ற உடம்பு, உப்புநீர் பட்டதும் மேலே எழும்பும். எங்கே எழும்பும்? அலை உடைகிற, படகு போகிற அதே இடத்தில்.

டேங்க்தூக்கி
சார், உப்புநீருக்கான ஈயத்தைக் கட்டிக்கொண்டு, நன்னீரில் மிதப்பு ஜாக்கெட்டில் கொஞ்சம் காற்று விட்டுக்கொள்ள வேண்டியதுதான். மிதப்புக் கணக்கு எல்லாருக்கும் முதல் வகுப்பிலேயே சொல்லித் தருவதுதானே.

அளவுகோல்
பத்து மீட்டருக்குக் கீழே அது சுலபம். மேலே மூன்று மீட்டருக்குள் ஜாக்கெட்டில் இருக்கும் காற்று, அரை மீட்டர் ஏறி இறங்கினாலே கணிசமாக விரிந்து சுருங்கும். புதியவர்கள் நிலையாக நிற்கத் திணறுவது ஆழத்தில் இல்லை, இந்த உயரத்தில்தான். இதில் நன்னீர்ப் பட்டை ஒன்று, உப்புநீர்ப் பட்டை ஒன்று என்று மாறி மாறி வந்தால், விரல் ஜாக்கெட் பொத்தானை விட்டு எடுக்கவே முடியாது.

பனிக்கடல்
வணக்கம் தம்பி. நான் யாழ்ப்பாணத்து ஆள், இப்ப வான்கூவரில் இருக்கிறன். இங்கே வைட்கிளிஃப் பூங்காவில் கரையிலிருந்து இறங்குவது எங்கள் வழக்கம். 1993 இலேயே பாதுகாக்கப்பட்ட கடற்பகுதி அது. மே, ஜூன் மாதங்களில் மலைப்பனி உருகி ஃப்ரேசர் ஆறு பெருகும்போது கடலின் மேற்பரப்பு பச்சையும் மண்ணுமாகக் கலங்கிக் கிடக்கும், கீழே போனால் தெளிவு. அதாவது அடுக்கு இருக்கிறது, உண்மைதான். ஆனால் கவனியுங்கோ, அதற்கு ஆழமும் வேண்டும், ஒதுக்கமும் வேண்டும். கலங்கிய அடுக்கைத் தாண்டிக் கீழே இறங்க இடம் இருக்கவேணும். நீங்கள் சொல்லும் மூன்று மீட்டரில், அதுவும் அலை அடிக்கிற வாயில், காற்றும் அலையும் இரண்டையும் கலக்கிவிடும். மெக்சிகோவில் நெளிவு தெரிவது தண்ணீர் கண்ணாடி போல் இருப்பதால். சேற்றுத் தண்ணீரில் உங்கள் கையே தெரியாதபோது நெளிவு எங்கே தெரியும்?

எங்கள் பக்கம் கீரிமலையில் கடலுக்கு ஒட்டிய கேணியில் நன்னீர் ஊறும். சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் மழைநீர் வடிகட்டி வருகிற தண்ணீர், சேறு இல்லை. உங்கள் ராமேஸ்வரத்தில் தங்கச்சிமடம் பக்கம் வில்லூண்டித் தீர்த்தம் இருக்கிறதே, கடலுக்குள்ளேயே நன்னீர்க் கிணறு. நிலத்தடியால் வருகிற நன்னீரும் ஆற்று வாயால் வருகிற நன்னீரும் ஒன்றல்ல. பார்க்க ஆசை என்றால் முதலாவது வகையைத் தேடிப் போங்கோ.

டேங்க்தூக்கி
தீர்த்தக் கிணற்றில் டேங்க்கோடு இறங்கினால் ஊரே விரட்டும், அது வேறு விஷயம். அடுக்கு தெரியாது என்பதை ஏற்கிறேன். மீன்குஞ்சுகள்? மடவை, கொடுவா, இறால் எல்லாம் கழிமுகத்தில்தான் வளர்கின்றன. மத்திய அரசின் உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் தன் ஆய்வுப் பண்ணையை முட்டுக்காட்டில் வைத்திருப்பது சும்மாவா? இதைப் பார்க்கும் ஆவல் நியாயமானது. ஆழக்கடலில் கப்பல் இடிபாட்டைப் பார்ப்பதுதான் டைவ் என்று யார் சொன்னது?

காதுமூக்கு
நான் காது மூக்கு தொண்டை மருத்துவர், அவ்வப்போது டைவ் செய்கிறவன். ஆவல் நியாயம், தண்ணீர் நியாயமில்லை. அந்தக் கால்வாயில் எதெல்லாம் வந்து விழுகிறது என்று பழைய மகாபலிபுரம் சாலையில் குடியிருக்கும் எல்லாருக்கும் தெரியும். மழை முடிந்த கையோடு கழிமுகத்தில் இறங்குவது, ஊரின் சாக்கடை கடலுக்கு வரும் வாசலில் போய் முகத்தை வைப்பது. வெளிக்காதுத் தொற்று, வயிற்றுப்போக்கு, கால் கீறல் இருந்தால் எலிக்காய்ச்சல். கலிஃபோர்னியாவில் மழை பெய்தால் மூன்று நாட்களுக்கு ஆற்று வாய்ப் பக்கம் கடலில் இறங்காதீர்கள் என்று சொல்வார்கள். நம் கால்வாயின் நிலைமைக்கு மூன்று நாள் போதாது என்பேன்.

மணல்மேடு
எல்லாருக்கும் நன்றி, ஆனால் கொஞ்சம் மிகைப்படுத்துகிறீர்கள் என்று தோன்றுகிறது. இருளர் பெண்கள் இதே கழியில் இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கிறார்களே, அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையா? நாங்கள் வாய்க்கு வெளியே போகாமல், பாலத்துக்கு உள்பக்கமாக இறங்கலாம். மூன்று மீட்டரில் நைட்ரஜன் பிரச்சினை (ஆழத்தில் உடம்பில் நைட்ரஜன் சேர்வது) கிடையாது. மூச்சுத் திணறினால் எழுந்து நின்றுவிடலாம். அதைவிடப் பாதுகாப்பான பயிற்சி இடம் எது?

டேங்க்தூக்கி
தம்பி, உங்கள் பக்கம் பேசிக்கொண்டிருக்கும் நானே இங்கே குறுக்கிடுகிறேன். "எழுந்து நின்றுவிடலாம்" என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். மேற்பரப்பிலிருந்து பத்து மீட்டர் போவதற்குள் அழுத்தம் இரண்டு மடங்காகிறது. அதன் பிறகு அது மறுபடி இரண்டு மடங்காக இன்னும் இருபது மீட்டர் இறங்க வேண்டும். அதாவது மேலே வரும்போது காற்று வேகமாக விரிவது மேற்பரப்புக்கு அருகில்தான், நுரையீரல் கிழிவதற்கு ஆழம் தேவையில்லை. ஒன்றேகால் மீட்டரில் சிலிண்டர் காற்றை நெஞ்சு நிறைய இழுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பதற்றத்தில் எழுந்தாலே நடக்கலாம். அலை ஒன்று உங்கள் தலைக்கு மேல் உயர்ந்து தாழ்ந்தால் அதுவே ஒரு மீட்டர் மாற்றம். மூச்சைப் பிடிக்கவே கூடாது என்ற விதி ஆழமற்ற இடத்தில்தான் முதலில் மறந்துபோகும்.

கோவளத்தான்
இருளர்களைப் பற்றிச் சொன்னீர்கள். அவர்கள் தலையை வெளியே வைத்துக்கொண்டு, கால் பதிகிற இடத்தில், தலைமுறையாகத் தெரிந்த தரையில் வேலை செய்கிறார்கள். அதுவும் வேலை, வேடிக்கை இல்லை. பாலத்துக்கு உள்பக்கம் என்கிறீர்கள், அங்கே சுற்றுலாத் துறையின் படகுகள் ஓடுகின்றன. ஸ்பீட் போட் ஓட்டுகிறவருக்குத் தண்ணீருக்கடியில் நீங்கள் இருப்பது எப்படித் தெரியும்? அப்புறம் வலை. தங்கூசி (மெல்லிய நைலான் இழை) வலை தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது, கலங்கலில் கேட்கவே வேண்டாம். அறுந்து கிடக்கும் துண்டு ஒன்று சிலிண்டர் வால்வில் மாட்டினால் பின்பக்கம் கை எட்டாது. மூன்று மீட்டராக இருந்தாலும் முப்பது மீட்டராக இருந்தாலும் மாட்டியவன் மாட்டியவன்தான்.

டேங்க்தூக்கி
மிதவைக் கொடி, வலை அறுக்கும் கத்தி, படகு ஓடாத நேரமாக விடியற்காலை. மூன்றும் இருந்தால்?

கோவளத்தான்
விடியற்காலையில்தான் வலை எடுக்க ஆள் வருவார்கள். உங்கள் கத்தி அவர்கள் வலையை அறுத்தால் அதற்கு யார் பதில் சொல்வது? இங்கே யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. அந்தத் தண்ணீர் சும்மா கிடக்கிற இடம் இல்லை, அதில் ஒரு ஊரின் பிழைப்பு நடக்கிறது.

சரி, குறை மட்டும் சொல்கிறேன் என்று வேண்டாம். வடகிழக்குப் பருவமழை முடிகிற வரை நம் கரையோரம் ஓட்டம் தெற்கே போகும். கங்கை, பிரம்மபுத்திராவின் நன்னீரே அந்த ஓட்டத்தில் சென்னை வரை இறங்கி வரும் என்று கடலாய்வுக்காரர்கள் சொல்கிறார்கள். மாசி, பங்குனியில் ஓட்டம் வடக்கே திரும்பியதும் தண்ணீர் தெளியும். அப்போது கோவளத்தில் பாறைப் பக்கமாக, கடலில், ஊரில் ஒருவரைக் கேட்டுக்கொண்டு, ஸ்நார்க்கல் மட்டும் போட்டுப் பாருங்கள். கிளம்பும் முன் ஹைதராபாத் இன்காய்ஸ் கடல் தகவல் மையம் வெளியிடும் அலை எச்சரிக்கையைப் பாருங்கள். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்தபோது அப்படி ஒரு எச்சரிக்கை இருந்தது.

டேங்க்தூக்கி
லெமூர் கடற்கரைக்கும் டைவ் செய்வதற்கும் சம்பந்தம் இல்லை, அவர்கள் கரையில் கால் நனைக்கப் போனவர்கள். பங்குனியில் முட்டுக்காடு முகம் மணல் அடைத்து மூடியே கிடக்கும். நன்னீர் ஏது, கலப்பு ஏது? தம்பி கேட்டது வேறு, நீங்கள் கொடுக்கிற பதில் வேறு.

கோவளத்தான்
ஆமாம். அவர் கேட்டதற்குப் பதில் "கூடாது". மற்றதெல்லாம் அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்பது.

பனிக்கடல்
ஒரு திருத்தம். மூடியிருந்தாலும் மணலுக்குள்ளால் தண்ணீர் கசியும். ஆனால் அதைப் பார்க்க டேங்க் தேவையில்லை, வத்த நேரத்தில் கரையில் நடந்தாலே போதும்.

மணல்மேடு
வாய்ப் பக்கம் டேங்க்கோடு போவதை விடுகிறேன். வலை விஷயம் நான் நினைத்தே பார்க்காதது. ஸ்நார்க்கலுக்கு மார்ச்சில் கோவளம். கோவளத்தான் அண்ணா, பாறைப் பக்கம் யாரைக் கேட்பது என்று தனிமடலில் சொன்னால் உதவியாக இருக்கும். மருத்துவருக்கு ஒரு கேள்வி: கடல்தான் என்றாலும், முகம் மூடிய பிறகு எத்தனை வாரம் விட்டால் நல்லது?

காதுமூக்கு
வாரக் கணக்கு சொல்ல முடியாது. தண்ணீரில் நாற்றமோ நுரையோ இருந்தால் அன்றைக்கு இறங்க வேண்டாம். முடித்ததும் நல்ல தண்ணீரில் காதைக் கழுவி, துடைத்து, உலரவிடுங்கள். பட்ஸ் போடாதீர்கள்.

டேங்க்தூக்கி
நான் இன்னும் பெருக்கு உச்சக் கட்சிதான். அளவுகோல் சார், வாய் திறந்திருக்கும் ஒரு நாளில் பாலத்திலிருந்து மிதவை போட்டு, ஓட்டம் நிற்கும் நேரத்தைத் துறைமுக அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாமா? தண்ணீரில் இறங்கப் போவதில்லை, கோவளத்தான் கோபிக்க வேண்டாம்.

அளவுகோல்
வருகிறேன். ஒரு நாள் போதாது. அமாவாசை பக்கம் ஒன்று, ஏற்ற இறக்கம் குறைவாக இருக்கும் அஷ்டமி பக்கம் ஒன்று எடுத்தால்தான் அர்த்தம்.