வீடு விற்கப் போகிறோம், உள்ளே ஒரே இருட்டு. குறைந்த செலவில் என்ன செய்யலாம்?

மாடிவீடு:
வணக்கம். மதுரையில் அம்மா இருக்கும் அப்பார்ட்மென்ட்டை விற்றுவிட்டு அவரை என்னோடு அழைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறோம். 2001-இல் கட்டியது, முதல் மாடி, இரண்டு பெட்ரூம். கிழக்குப் பக்கம் ஒட்டினாற்போல இன்னொரு கட்டடம் எழும்பிவிட்டதால் பகலிலேயே லைட் போட்டுத்தான் பேப்பர் படிக்க வேண்டும். இதுவரை பார்க்க வந்த மூன்று பேருமே வாசலைத் தாண்டியதும் "இருட்டா இருக்கே" என்றுதான் ஆரம்பித்தார்கள், கேட்கும் விலையும் அங்கிருந்தே இறங்குகிறது. புரோக்கர் ஃபால்ஸ் சீலிங் போட்டு லைட் பதிக்கச் சொல்கிறார். அந்தக் காசு விலையில் திரும்பி வருமா என்று பயமாக இருக்கிறது. இப்போது ஹாலில் சோக், ஸ்டார்ட்டர் வைத்த பழைய டியூப்லைட், பெட்ரூம்களில் சிஎஃப்எல், கிச்சனில் மஞ்சள் குண்டு பல்பு. ஐயாயிரத்துக்குள் முடிய வேண்டும்.

வயர்மேன்18:
ஃபால்ஸ் சீலிங் வேண்டவே வேண்டாம் சார். பழைய அப்பார்ட்மென்ட்டில் பத்தடி உயரம் இருந்தாலே அதிகம், அதில் அரையடி இறக்கினால் ஹால் இன்னும் அடைத்த மாதிரி ஆகிவிடும். பழைய டியூப்லைட் பட்டியைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் 20 வாட் எல்இடி பேட்டன் (பட்டியும் லைட்டும் ஒன்றாகவே வரும் நீள லைட்) மாட்டுங்கள், 250, 300 ரூபாய்க்குள் வரும். பழைய டியூப் சோக்கோடு சேர்த்து 50 வாட் பக்கம் இழுக்கும், இது அதில் பாதிகூட இழுக்காது. பழைய பட்டியிலேயே எல்இடி டியூபைச் செருகலாம் என்று கடையில் சொல்வார்கள், அதற்குப் பெரும்பாலும் சோக்கை எடுத்து வயரை மாற்றிக் கொடுக்க வேண்டியிருக்கும், அந்த வேலைக்குப் பட்டியோடு புதுசாகவே வாங்கிவிடலாம். ஹாலுக்கு ஒன்று போதாது, எதிரெதிர்ச் சுவரில் இரண்டு போடுங்கள், நிழல் விழாது. இரண்டாவதற்கு சுவரை வெட்ட வேண்டாம், சுவருக்கு மேலேயே கேசிங் (வயரை மூடும் பிளாஸ்டிக் பட்டை) ஓட்டிக்கொள்ளலாம்.

வாங்கும்போது வாட்டை மட்டும் பார்க்காமல் டப்பாவில் லூமென், அதாவது எவ்வளவு வெளிச்சம் தரும் என்ற அளவைப் பாருங்கள், நல்ல 9 வாட் பல்பு 900 பக்கம் கொடுக்கும். கூடவே கெல்வின் எண் இருக்கும்: 6500 நீலம் கலந்த வெள்ளை, 3000 மஞ்சள், 4000 இடைப்பட்டது. ஒரே அறையில் இரண்டு நிறம் கலந்தால் பெயின்டே திட்டுத்திட்டாகத் தெரியும்.

இன்னொன்று, எல்இடி மாட்டியபின் ராத்திரி சுவிட்சை அணைத்துப் பாருங்கள். பல்பு மங்கலாக எரிந்துகொண்டே இருந்தால் பெரும்பாலும் சுவிட்ச் ஃபேஸில் (கரண்ட் வரும் வயர்) இல்லாமல் நியூட்ரலில் (திரும்பிப் போகும் வயர்) இருக்கும். அதைச் சரி செய்யாமல் விடாதீர்கள், சுவிட்சை அணைத்துவிட்டுப் பல்பு மாற்றும்போதும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும், ஆபத்து. வாங்க வருபவர் கவனித்தாலும் மொத்த வயரிங்கையும் சந்தேகப்படுவார்.

காவேரிக்கரை அக்கா:
தம்பி, பல்பு வாங்கும் முன்னால் ஜன்னல் கொசுவலையைக் கழற்றிக் கழுவுங்கள். நாங்கள் திருச்சி வீட்டை விற்றபோது வருஷக்கணக்கில் தூசி அடைந்த வலையை சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தோம், திரும்ப மாட்டியதும் அந்த அறைக்கு வேறு ஜன்னல் வைத்த மாதிரி இருந்தது. வென்டிலேட்டர் கண்ணாடி, ஃபேன் இறக்கை, பழைய ஷேடு எல்லாம் அப்படித்தான். அடர்த்தியான திரை இருந்தால் எடுத்துவிடுங்கள். கையில் காசு மிஞ்சினால் ஹால் சீலிங்குக்கு மட்டும் வெள்ளை அடியுங்கள், அழுக்கேறிய சீலிங் எத்தனை லைட் போட்டாலும் விழுங்கிவிடும்.

கிச்சனில் லைட் நம் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் நறுக்கும் இடத்தில் நம் நிழலே விழுகிறது. மேடைக்கு மேலே லாஃப்ட்டுக்கு அடியில் ஒரு சின்ன பேட்டன் போட்டுப் பாருங்கள். ஆட்கள் வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால் பாத்ரூம், பூஜை அறை உட்பட எல்லா லைட்டையும் போட்டு வையுங்கள், அவர்கள் எதிரில் ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டுவது நன்றாக இருக்காது.

புதுக்குடித்தனம்:
போன வருடம் வீடு தேடி அலைந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எல்லா அறையிலும் 6500 போட்ட வீடுகள் எனக்கு மருந்துக்கடை மாதிரிதான் இருந்தன. கிச்சன், பாத்ரூமில் வெள்ளை சரி, பெட்ரூமுக்கு 4000 அல்லது 3000 போடுங்கள். அப்புறம், யாரும் சொல்லாத இடம் மாடிப்படி. இருட்டில் தடவி ஏறி வந்த வீட்டை என் மனைவி உள்ளே பார்க்கவே விரும்பவில்லை. சங்கத்தில் கேட்டுவிட்டு உங்கள் தளத்தில் ஆள் வந்தால் தானே எரியும் சென்சார் பல்பு ஒன்று மாட்டுங்கள், 300, 400 ரூபாய்தான்.

ஒரு வேண்டுகோள். சுவரில் ஓதம் இருந்தால் அந்த மூலை பல்பை மட்டும் எடுத்துவிட்டுக் காட்டாதீர்கள். ஒரு வீட்டில் எங்களுக்கு அப்படி நடந்தது, போன் டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டோம். பக்கத்துக் கட்டடம் பற்றியும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள், வாங்குபவர் எப்படியும் பகலில் லைட்டை அணைத்துப் பார்ப்பார், பார்க்கவும் வேண்டும்.

மாடிவீடு:
எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பேட்டன் மூன்று, பல்பு ஆறு, சென்சார் பல்பு ஒன்று, எலக்ட்ரீஷியன் அரை நாள் கூலி, ஹால் சீலிங் பெயின்ட், எல்லாம் சேர்த்து 4,700 ஆனது. வயர்மேன் சார் சொன்னது போலவே ஒரு பெட்ரூமில் பல்பு அணைத்தபின்னும் மினுங்கியது, திறந்து பார்த்தால் சுவிட்ச் நியூட்ரலில்தான் இருந்தது, மாற்றியாகிவிட்டது. கொசுவலை கழுவியது அரை நாள் வேலை, ஆனால் கண்ணுக்கு அதிகம் தெரிந்தது அதுதான் அக்கா. ஞாயிறு காலை வந்த குடும்பத்திடம் கிழக்குப் பக்கக் கட்டடத்தை நானே காட்டிச் சொன்னேன். அதன்பின் அவர்கள் கேட்டது, கோடையில் தண்ணீர் எப்படி வரும் என்று. இன்னும் விலை முடியவில்லை, பேசிக்கொண்டிருக்கிறோம்.

கிச்சன் லைட்டைப் போட்டதும் அம்மா மேடையைத் தடவிப் பார்த்துவிட்டு "கல்லு பச்சையாடா, நான் கறுப்புன்னுல்ல நெனச்சேன்" என்றார். இருபது வருடத்துக்கு மேல் அங்கேதான் சமைக்கிறார். இதை எப்போதோ செய்து கொடுத்திருக்க வேண்டும்.