மாட்டு கிரானுலோசா செல்கள் தட்டையாகின்றன, ஈஸ்ட்ரடையால் வரவில்லை: உதவி வேண்டும்

காரைக்குடி ஆய்வு மாணவி:
வணக்கம். மாட்டுச் சினைப்பையில் 5 மில்லிமீட்டருக்குச் சிறிய ஃபாலிக்கிள்களிலிருந்து (முட்டை வளரும் பைகள்) கிரானுலோசா செல் (அந்தப் பையின் உட்சுவர் செல்) எடுத்து வளர்க்கிறேன். மதுரைப் பக்கத்து இறைச்சிக்கூடத்திலிருந்து சினைப்பை வெதுவெதுப்பான உப்புக் கரைசலில், ஃபிளாஸ்கில் வருகிறது. மேலூர், திருப்பத்தூர் வழியாக வந்து சேர இரண்டு மணி நேரம். மீடியத்தில் (வளர்ப்புத் திரவம்) 10% சீரம் (ரத்தத்தின் தெளிந்த நீர்). மறுநாள் நன்றாக ஒட்டியிருக்கும். மூன்றாம் நாள் ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு செல்) மாதிரி நீண்டு பரவிவிடுகிறது. இவை சுரக்கும் ஹார்மோன்களில் ஈஸ்ட்ரடையால் சரிகிறது, புரோஜெஸ்ட்ரோன் ஏறுகிறது. கிருமித் தொற்று இல்லை. சித்திரை வெயிலில் வழியிலேயே கெட்டுவிடுகிறதா?

தேவகோட்டை கால்நடை மருத்துவர்:
தங்கச்சி, டிரைபான் புளூவில் (செத்த செல்லை நீலமாக்கும் சாயம்) எண்ணிப் பார்த்தீர்களா? ஃபாலிக்கிளிலிருந்து எடுக்கும்போதே இந்த செல்களில் நிறைய செத்துப்போகும். ஃபிளாஸ்குக்குள் வெப்பமானி ஒன்று போட்டு அனுப்பச் சொல்லுங்கள். எனக்கு வெயில் மேல்தான் சந்தேகம்.

செல் வளர்ப்பு அக்கா:
வெப்பமானி நல்ல யோசனை, ஆனால் காரணம் அதுவாக இருக்காது. செத்த செல்லில் புரோஜெஸ்ட்ரோன் ஏறாதே! உங்கள் செல்கள் லூட்டியல் செல்களாக (முட்டை வெளியேறிய பின் புரோஜெஸ்ட்ரோன் சுரக்கும் செல்கள்) மாறுகின்றன. ஃபாலிக்கிளுக்குள் கிரானுலோசா அடுக்குக்கு ரத்தக்குழாய் கிடையாது, நடுவில் அடிச்சவ்வு இருக்கிறது. முட்டை வெளியேறியதும் அது உடைந்து ரத்தக்குழாய்கள் நுழைய, அந்த செல்களே கார்ப்பஸ் லூட்டியம் என்ற சுரப்பி ஆகின்றன. தட்டில் நிறைய சீரம் ஊற்றினால் ஏறக்குறைய அதே வழியில் போய்விடும். ஈஸ்ட்ரடையாலைச் செய்யும் அரோமட்டேஸ் நொதியின் மரபணு அடங்கிவிடும்.

சீரத்தை விட்டுவிடும்மா. 0.1% ஆல்புமின், டிரான்ஸ்ஃபெரின், செலினியம், மில்லிலிட்டருக்கு 1 நானோகிராம் எஃப்.எஸ்.எச். (ஃபாலிக்கிளை வளர்க்கும் ஹார்மோன்), 10 நானோகிராம் இன்சுலின். இன்சுலின் அளவை மாற்றாதீர்கள். கடையில் வாங்கும் இன்சுலின்-டிரான்ஸ்ஃபெரின்-செலினியம் கலவையை அப்படியே ஊற்றினால் 10 மைக்ரோகிராம், அதாவது 1000 மடங்கு ஆகிவிடும். அதுவும் லூட்டியல் பக்கம் தள்ளும். டிரான்ஸ்ஃபெரினும் செலினியமும் தனித்தனியாக வாங்குங்கள்.

செல்கள் பரவாமல் கொத்துக் கொத்தாக உருண்டு நிற்கும். பயப்பட வேண்டாம், அதுதான் வேண்டும். பிடிப்பு குறைவு என்பதால் மீடியத்தை மெதுவாக, கொஞ்சம் மிச்சம் வைத்து மாற்றுங்கள். ஈஸ்ட்ரடையால் முதல் இரண்டு நாளில் தெரியாது, அதன் பிறகு ஏறும். செல்களை நெருக்கி விதைத்தாலும் லூட்டியல் குணம் வந்துவிடும், அடர்த்தியையும் கவனியுங்கள்.

காரைக்குடி ஆய்வு மாணவி:
நன்றி அக்கா. ஆண்ட்ரோஸ்டெனிடையோன் (ஓர் ஆண்ட்ரோஜன், அதாவது ஆண் ஹார்மோன் வகை) அவசியமா? எங்கள் குறிப்பில் அது இல்லை.

செல் வளர்ப்பு அக்கா:
கட்டாயம். கிரானுலோசா செல்லால் ஆண்ட்ரோஜனைத் தானே செய்ய முடியாது. பக்கத்திலிருக்கும் தீக்கா செல் (ஃபாலிக்கிளின் வெளிச்சுவர் செல்) செய்து கொடுப்பதைத்தான் ஈஸ்ட்ரடையாலாக மாற்றுகிறது. 10⁻⁷ மோலார் போதும்.

தேவகோட்டை கால்நடை மருத்துவர்:
அப்படியென்றால் ஃபாலிக்கிள் சுவரைச் சுரண்டும்போது தீக்கா கலந்தால்?

செல் வளர்ப்பு அக்கா:
சரியான கேள்வி அண்ணே. அழுத்திச் சுரண்டினால் கலக்கும். அதனால் சீரம் இல்லாத தட்டில் ஒரு வெல்லுக்கு (தட்டிலுள்ள குழி) மட்டும் ஆண்ட்ரோஸ்டெனிடையோன் போடாமல் விடுங்கள். அதிலும் ஈஸ்ட்ரடையால் ஏறினால் தீக்கா உள்ளே இருக்கிறது.

காரைக்குடி ஆய்வு மாணவி:
அடுத்த சினைப்பை வந்ததும் சீரம் உள்ள தட்டு, இல்லாத தட்டு, ஆண்ட்ரோஸ்டெனிடையோன் இல்லாத வெல் மூன்றையும் சேர்த்து வைக்கிறேன். ஆறாம் நாள் அளவுகளை இங்கேயே போடுகிறேன்.