எக்சோசோமும் ஆறாத புண்ணும்: இரண்டு அனுபவங்கள்

ஆய்வகத்தில் நான் முதன்முதலில் செய்த கீறல் சோதனை இன்னும் கண்முன் நிற்கிறது. தட்டு முழுவதும் ஒரே படலமாக வளர்ந்திருந்த தோல் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களின் (தோலின் இணைப்புத் திசுவை உருவாக்கும் செல்கள்) நடுவே பிப்பெட் முனையால் புண்ணைப் போல ஒரு கோடு இழுத்து, ஒரு தட்டில் வெறும் வளர்ப்பு ஊடகத்தையும் (செல்களுக்கு ஊட்டம் தரும் திரவம்), மற்றொன்றில் தொப்புள்கொடித் திசுவின் ஸ்டெம் செல்கள் வெளியிட்ட எக்சோசோம்கள் கலந்த ஊடகத்தையும் ஊற்றினேன். மறுநாள் காலையில் இரண்டாம் தட்டில் செல்கள் இரு கரையிலிருந்தும் கால் நீட்டி, கோட்டைப் பெரும்பாலும் மூடியிருந்தன.

எக்சோசோம் என்பது ஏறத்தாழ 30 முதல் 150 நானோமீட்டர் அளவே உள்ள கொழுப்புப் பை. 1983இல் ஆட்டின் முதிராத சிவப்பணுக்களில் இது கண்டறியப்பட்டபோது, செல் தன் கழிவை வெளியேற்றும் வழி என்றே கருதினார்கள். உள்ளிருக்கும் ஆர்.என்.ஏ. (மரபுச் செய்தியைச் சுமக்கும் மூலக்கூறு) மற்றொரு செல்லுக்குள் சென்று வேலை செய்கிறது என்பது 2007இல்தான் தெளிவானது. நாள்பட்ட புண்ணில் அழற்சியிலேயே தேங்கிவிட்ட மேக்ரோஃபேஜ்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்களைச் சீரமைப்புப் பணிக்குத் திருப்புவதும், புதிய ரத்த நாளங்களைத் தூண்டுவதும் விலங்குச் சோதனைகளில் காணப்பட்டுள்ளன.

ஆனால் அதே செல்களைப் பலமுறை மறுவளர்ப்புச் செய்தபின் எடுத்த எக்சோசோமில் எனக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஒரு லட்சம் மடங்கு புவியீர்ப்பு விசையில் சுழற்றிப் பிரித்தும், குழாயின் அடியில் தங்குவது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத படிவு. அதன் தரத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் நிறுவ வேண்டும்.

*

வணக்கம் சகோதரி. நீங்கள் கடைசியாகச் சொன்னது என் தந்தையின் விஷயத்தில் அப்படியே பொருந்துகிறது. சர்க்கரை நோயால் அவர் பாதத்தில் வந்த புண் ஐந்து மாதமாக ஆறாதிருந்தபோது, ஒரு சிகிச்சை மையத்தில் எக்சோசோம் ஊசி போடலாம் என்றார்கள். எந்தச் செல்லிலிருந்து எடுத்தது, ஒரு குப்பியில் எத்தனை துகள்கள், கிருமி நீக்கப் பரிசோதனை நடந்ததா என்று கேட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. ஒப்புதல் பெறாத எக்சோசோம் பொருட்களைச் செலுத்திக்கொண்ட சிலருக்குக் கடுமையான பாதிப்பு ஏற்பட்டதாக 2019 டிசம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரித்திருந்ததைப் படித்திருந்ததால், அப்பாவை அழைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். பிறகு பாதத்தில் எடை விழாத காலணி, இறந்த திசுவை அகற்றுதல், சர்க்கரைக் கட்டுப்பாடு என்று எங்கள் மருத்துவர் சொன்னதையே விடாமல் செய்தோம். நேற்று புண்ணின் கட்டுத்துணியை மாற்றும்போது புண்ணின் ஓரத்தில் இளஞ்சிவப்பான மெல்லிய தோல் ஒரு நகத்தின் அகலத்துக்கு உள்நோக்கி வந்திருந்தது.